வீட்டில் ஆப்பிள் சைடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிள் சாற்றில் ஈஸ்ட் சேர்ந்தால் அது மதுவாகிவிடும். அதற்குப் பெரிய திறமை தேவையில்லை. இரண்டாவது கிளாஸ் கேட்கும்படியான மதுவாக அதைக் கொண்டுவருவதற்குத்தான் கவனம் வேண்டும். இங்கே சைடர் என்று சொல்வதெல்லாம் புளிக்கவைத்த, ஆல்கஹால் உள்ள சைடரைத்தான். முதல்முறை இறங்குபவர்களின் கேள்விகளும், ஏற்கெனவே செய்துபார்த்து இன்னும் மெருகேற்ற நினைப்பவர்களின் கேள்விகளும் கலந்தே வருகின்றன. சைடரின் தரம் இரண்டு இடங்களில் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான எண்ணம்: ஒன்று, சாற்றில் இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது, இன்னொன்று, நொதித்து முடிந்தபின் காற்றை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கிறோம் என்பது. ஈஸ்ட் பாக்கெட்டைப் பற்றி ஆகும் கவலையில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுத்தால் போதும்.

சாறு எப்படி மதுவாகிறது?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதியை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஆப்பிளின் சர்க்கரையில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ். மீதி குளுக்கோஸும் சுக்ரோஸும். மூன்றுமே ஈஸ்டுக்குக் கசக்காது. அதனால் அதன் போக்கில் விட்டால் ஒரு துளி இனிப்புகூட மிஞ்சாது. சாதாரணமான சாறு 5 முதல் 7 சதவீதம் ஆல்கஹாலில் வந்து நிற்கும்.

ஆப்பிள் சைடர் வினிகரும் இதுவும் ஒன்றா?

இல்லை. வினிகர் இதற்கு அடுத்த கட்டம். சைடருக்குக் காற்று கிடைத்தால் அசிட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். நல்ல வினிகர் வேண்டும் என்பவருக்கு அது சந்தோஷம். நாம் அதைத் தடுக்கத்தான் பாடுபடுகிறோம்.

வீட்டில் செய்வது சட்டப்படி சரியா?

இடத்துக்கு இடம் மாறும். சில நாடுகளில் சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை, சிலவற்றில் அளவு வரம்பு உண்டு, சில இடங்களில் எந்த மதுவையும் வீட்டில் செய்யவே கூடாது. தொடங்கும் முன் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பாருங்கள். அனுமதி உள்ள இடங்களிலும் விற்பதற்கு உரிமம் வேண்டியிருக்கும்.

மெத்தனால் வந்து கண் போய்விடாதா?

நியாயமான பயம், ஆனால் இடம் மாறிய பயம். ஆப்பிளிலுள்ள பெக்டின் என்ற பிசின்போன்ற பொருள் உடையும்போது கொஞ்சம் மெத்தனால் வரத்தான் செய்கிறது. சாதாரண பழச்சாற்றிலும் அது சிறிதளவு உண்டு. புளிக்கவைத்த சைடரில் இருக்கும் அளவு ஆளை முடக்கும் அளவல்ல. மெத்தனால் சாவுகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பதால் நேர்பவை. சைடரைக் காய்ச்சி வடிப்பதும், உறையவைத்துப் பனிக்கட்டியை நீக்கி வீரியத்தைக் கூட்டுவதும் வேறு சங்கதி. அவை பல நாடுகளில் குற்றம். வடிப்பதில் தீ ஆபத்தும் உண்டு. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

சைடர் செய்வதில் உண்மையான ஆபத்து வெடிக்கும் பாட்டில்தான். அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எந்த ஆப்பிள் நல்லது?

கடித்துச் சாப்பிட ருசியாக இருப்பதெல்லாம் சைடருக்கு ஆகாது. காலா, ஃபூஜி, ரெட் டெலிஷியஸ் போன்றவற்றில் சர்க்கரை தாராளமாக இருக்கும், புளிப்பு குறைவு, துவர்ப்பு இல்லையென்றே சொல்லலாம். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாகிப் போனபின் நாக்கில் நிற்க எதுவும் இருக்காது.

இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த ஒரு பிரிவினை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சாற்றில் அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேலா கீழா, துவர்ப்பு தரும் டானின் 0.2 சதவீதத்துக்கு மேலா கீழா என்று பார்த்து ஆப்பிளை நான்காகப் பிரிப்பார்கள். இரண்டும் குறைவென்றால் இனிப்பு ஆப்பிள். அமிலம் மட்டும் அதிகமென்றால் புளிப்பு ஆப்பிள். டானின் மட்டும் அதிகமென்றால் துவர்ப்பும் இனிப்பும் சேர்ந்தது. டாபினெட், யார்லிங்டன் மில் இந்த வகை. இரண்டும் அதிகமென்றால் துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்தது. கிங்ஸ்டன் பிளாக், ஃபாக்ஸ்வெல்ப் அதற்குப் பேர்போனவை. இந்தக் கடைசி இரண்டு வகைப் பழங்களைச் சும்மா கடித்தால் ஈறு வரை இழுத்துப் பிடிக்கும், துப்பத்தான் தோன்றும். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் பிரான்ஸின் நார்மண்டி, பிரிட்டனியிலும் சைடருக்கென்றே வளர்ப்பது இவற்றைத்தான்.

இவை கிடைக்காதவர்கள் கலந்துதான் ஆகவேண்டும். பாதிக்கு மேல் இனிப்பு ஆப்பிள், மூன்றில் ஒரு பங்கு வரை கிரானி ஸ்மித், பிராம்லி மாதிரி புளிப்பு ஆப்பிள், கிடைத்தால் பத்தில் ஒரு பங்கு கிராப் ஆப்பிள் (சிறிய, துவர்ப்பான காட்டு ஆப்பிள்) என்று தொடங்கலாம். ஒரே ரகத்தில் செய்த சைடர் அழகாக வருவது அபூர்வம். கிங்ஸ்டன் பிளாக்கைத் தனியாகவே பிழியலாம் என்று பெயர் வாங்கியதே, அதில் எல்லாம் ஒன்றாக அமைந்திருப்பதால்தான்.

பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். நறுக்கிப் பார்த்தால் விதை பழுப்பாக இருக்கும். பறித்தபின் ஒன்றிரண்டு வாரம் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மிச்சமுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகப் பள்ளம் விழும் பதம்தான் பிழியச் சரியான பதம். அடிபட்டது, வடுப்பட்டது பரவாயில்லை. பூஞ்சை பிடித்ததைக் கழித்துவிடுங்கள். நீலப்பூஞ்சை பிடித்த ஆப்பிளில் பாட்டுலின் என்ற நச்சு உருவாகும்.

கடையில் வாங்கிய சாற்றில் செய்யலாமா?

தாராளமாக. முதல்முறைக்கு அதுவே நல்லது என்பேன். லேபிளை மட்டும் கவனமாகப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட் (202), சோடியம் பென்சோயேட் (211) இரண்டில் எது இருந்தாலும் வாங்கவேண்டாம், அவை ஈஸ்டை முடக்கிவிடும். அஸ்கார்பிக் அமிலம் (300) வெறும் வைட்டமின் சி, அதனால் தொந்தரவில்லை. சூடாக்கிப் பதப்படுத்திய சாறும் ஆகும். தண்ணீரும் சர்க்கரையும் கலந்த ‘ஆப்பிள் பானம்’ ஆகாது. தெளிந்த சாற்றைவிடக் கலங்கலான சாற்றில் சுவை கூடுதலாக நிற்கும்.

பிழியும் கருவி இல்லையே, சாறு எப்படி எடுப்பது?

சின்ன அளவுக்கு ஜூஸர் போதும். நுரையும் சக்கையும் நிறைய வரும், ஒரு மணிநேரம் அடங்கவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். ஜூஸரும் இல்லையென்றால் ஆப்பிளை முழுசாக ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, பிறகு வெளியே எடுத்து இளகவிடுங்கள். பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடுவதால் பழம் தொளதொளவென்று ஆகி, துணியில் கட்டிக் கையால் முறுக்கினாலே சாறு கொட்டும்.

நல்ல அழுத்துப்பொறி இருந்தால் 10 கிலோவுக்கு 5 முதல் 6 லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். கைமுறையில் அதைவிடக் குறையும். இரும்பு, செம்புப் பாத்திரங்களைச் சாற்றின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டானினோடு இரும்பு சேர்ந்தால் சாறு கறுக்கும். எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் ஆகியவை சரி.

பிழிந்த சாறு பழுப்பாகிவிட்டது. போச்சா?

ஒன்றும் போகவில்லை. நொதிப்பதற்கு முன் சாறு காற்றில் பழுப்பாவது இயல்பு, ஈஸ்ட் வேலை செய்யும்போது நிறம் தானாகவே வெளுக்கும். நொதித்து முடிந்த சைடர் பழுப்பானால்தான் கவலை. ஒரே காற்று, முதலில் கெடுதல் செய்யாது, பின்னால் சைடரையே கெடுத்துவிடும்.

என்னென்ன சாமான் தேவை?

5 லிட்டர் கண்ணாடி ஜாடி இரண்டு, ஒன்றில் நொதிக்கவும் இன்னொன்றுக்கு மாற்றவும். அதற்கேற்ற ரப்பர் கார்க், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு), ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் சைஃபன் குழாய், சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர். ஜாடியை ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள், வாயு வெளியேற வழி இருந்தே ஆகவேண்டும். செலவைக் குறைக்க நினைத்தாலும் ஹைட்ரோமீட்டரை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பாட்டிலில் அடைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை.

சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்?

முதலில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போகக் கழுவவேண்டும். அப்புறம்தான் கிருமிநீக்கி. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, அலசத் தேவையில்லாத ரகம் சுலபம். ப்ளீச்சைத் தவிர்ப்பது நல்லது. குளோரின் மிச்சமிருந்தால் சைடரின் ஃபீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாடை வரும், அது போகவே போகாது.

கேம்ப்டன் மாத்திரை கட்டாயமா?

புதிதாகப் பிழிந்த சாற்றுக்கு அதைப் போடச் சொல்வேன். அதிலுள்ள மெட்டாபைசல்பைட் சல்பர் டை ஆக்சைடாகப் பிரிந்து காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்கும். ஒரு மாத்திரை 4.5 லிட்டருக்குச் சுமார் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கொடுக்கும். எவ்வளவு வேண்டும் என்பது புளிப்பைப் பொறுத்தது, அதைக் காட்டும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். பிஎச் 3.3-க்குக் கீழே ஒரு மாத்திரை, 3.3 முதல் 3.5 வரை இரண்டு, 3.5 முதல் 3.8 வரை மூன்று. 3.8-க்கு மேலே போனால் மாத்திரையை நம்புவதைவிடப் புளிப்புச் சாற்றையோ மாலிக் அமிலத்தையோ (ஆப்பிளின் சொந்த அமிலம்) சேர்த்து பிஎச்சைக் கீழே இறக்குங்கள். மாத்திரையைப் பொடித்துப் போட்டு 24 மணிநேரம் கழித்துத்தான் ஈஸ்ட் சேர்க்கவேண்டும். சூடாக்கிப் பதப்படுத்திய கடைச் சாற்றுக்கு இது வேண்டாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்பைட் ஒத்துக்கொள்ளாது, ஆகவே கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள்.

எந்த ஈஸ்ட்?

ரொட்டி ஈஸ்ட் மதுவாக்கும், ஆனால் சீக்கிரம் அடியில் படியாது, வாசனையும் முரடு. ஒயின் ஈஸ்ட்களில் ஈசி-1118 எதற்கும் அசராது, எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். சுத்தமாகவும் வறட்சியாகவும் (இனிப்பே இல்லாமல்) வரும், ஆனால் ஆப்பிள் மணம் கொஞ்சம் ஒதுங்கிப்போகும். 71பி என்பது மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியையும் தின்றுவிடுவதால் மிகப் புளித்த சாற்றுக்கு ஏற்றது. புளிப்பே இல்லாத சாற்றில் அதைப் போட்டால் சப்பென்று ஆகும். ஏல் வகை பீர் ஈஸ்ட்களில் நாட்டிங்ஹாம், எஸ்-04 போன்றவை பழவாசனையை நன்றாகத் தக்கவைக்கும். முதல்முறைக்கு நான் சொல்வது ஏல் ஈஸ்ட்தான்.

5 கிராம் பாக்கெட் 20 லிட்டருக்கே தாங்கும். 5 லிட்டருக்கு இரண்டு கிராம் போதுமானது.

ஈஸ்டே போடாமல், பழத்தோடும் கருவிகளோடும் வரும் காட்டு ஈஸ்டை நம்பிச் செய்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் ஹான்சனியாஸ்போரா வகை ஈஸ்ட்கள் ஓடி, ஆல்கஹால் ஏறியதும் ஓய, சாக்கரோமைசஸ் மீதியை முடிக்கும். மிக அற்புதமான சைடர்கள் சில இப்படி வந்தவைதான். கொட்டவேண்டியதாய்ப் போனவற்றிலும் இப்படி வந்தவை நிறைய. ஒரு ஜாடியை வழக்கமான முறையில் ஓடவிட்டு, பக்கத்தில் இன்னொன்றில் இதைச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

சர்க்கரை சேர்க்கலாமா?

சாற்றின் அடர்த்தி (ஹைட்ரோமீட்டர் காட்டும் அளவு, தண்ணீருக்கு 1.000) 1.045-க்குக் கீழே இருந்தால் மட்டும். லிட்டருக்கு 13 கிராம் சர்க்கரை அடர்த்தியை ஏறக்குறைய 0.005 ஏற்றும். 1.055-ஐத் தாண்டவேண்டாம். ‘கிக்’ வேண்டுமென்று சர்க்கரையைக் கொட்டினால் ஆல்கஹால் ஏறும், பழச்சுவை ஏறாது. மெல்லிய, காரமான ஒன்று கிடைக்கும், அதை ஆறவைக்கவே மாதக்கணக்காகும்.

எந்த வெப்பநிலையில் வைப்பது?

15 முதல் 18 டிகிரி செல்சியஸ் அருமை. 20 வரை பரவாயில்லை. 25-க்கு மேலே ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல ஓடி மணத்தையெல்லாம் வாயுவோடு வெளியேற்றிவிடும். அறை சூடாக இருந்தால் ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் நாலைந்து நாள் இப்படிப் பார்த்துக்கொண்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். அந்த நாட்களில் ஜாடியை முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்புங்கள். பழுப்பு நுரை பொங்கி ஏர்லாக்கை அடைத்துவிடும்.

அழுகிய முட்டை வாடை வருகிறது!

ஹைட்ரஜன் சல்பைடு. ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் சத்து குறைவு, பசித்த ஈஸ்ட் இந்த வாயுவை விடும். நொதித்தலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் ஈஸ்ட் சத்து சேர்த்து, ஜாடியை மெல்லச் சுழற்றிவிட்டால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் அடங்கும். கடைசிக் கட்டத்தில் வந்தால் சத்து போடாதீர்கள், அதை ஈஸ்ட் உண்ணாது, பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. மண்டியை விட்டு மாற்றி, காத்திருங்கள். முதிரும்போது பெரும்பாலும் போய்விடும்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயில் பட்டாலே குமிழி வரும், கார்க் சரியாக உட்காராவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, ஒட்டியிருக்கும் குமிழிகள் விலக ஒரு சுழற்று சுழற்றி, திரவமட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். ஒரு வார இடைவெளியில் இரண்டு முறையும் ஒரே அளவு காட்டி, அது 1.000-ஐ ஒட்டி இருந்தால் முடிந்தது. வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரம், குளிரான இடத்தில் இன்னும் கூட.

ஆல்கஹால் கணக்கு: தொடக்க அடர்த்தியிலிருந்து இறுதி அடர்த்தியைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.052-இல் தொடங்கி 1.000-இல் முடிந்தால் 0.052 × 131, அதாவது 6.8 சதவீதம்.

1.020 பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டால் பெரும்பாலும் குளிரோ சத்துக் குறைவோதான் காரணம். இதமான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்டை மெல்லக் கலக்கிவிடுங்கள்.

வேறு ஜாடிக்கு எப்போது, எப்படி மாற்றுவது?

அடர்த்தி 1.005-க்கு இறங்கி, அடியில் மண்டி நன்றாகப் படிந்ததும் மாற்றலாம். இந்த இடத்தில்தான் நிறைய நல்ல சைடர்கள் வீணாகின்றன. நொதிக்கும்போது கரியமில வாயு மேலே போர்வையாக நின்று காத்தது. இப்போது அந்த உற்பத்தி பெரிதும் குறைந்துபோயிருக்கும். ஜாடியைத் திறந்து ஊற்றினால் காற்று நேராக உள்ளே போகும்.

சைஃபன் குழாயின் மறுமுனை புது ஜாடியின் அடியைத் தொடவேண்டும், சலசலவென்று மேலிருந்து விழக்கூடாது. மேல் முனை மண்டிக்கு இரண்டு விரல் உயரே நிற்கட்டும், கடைசி அரை டம்ளருக்கு ஆசைப்படவேண்டாம். மாற்றியதும் 50 பிபிஎம் அளவு சல்பைட், அதாவது ஒரு கேம்ப்டன் மாத்திரை. அப்புறம் ஜாடியைக் கழுத்துவரை நிரப்புங்கள், கார்க்குக்கும் சைடருக்கும் நடுவே ஓரிரு சென்டிமீட்டர்தான் இடைவெளி. நிரப்பச் சைடர் போதாவிட்டால் கடைச் சாறு கொஞ்சம் சேர்க்கலாம் (மறுபடி நொதிக்கும், கவலையில்லை), அல்லது கழுவிக் கிருமிநீக்கிய கண்ணாடிக் கோலிக்குண்டுகளை உள்ளே போட்டு மட்டத்தை உயர்த்தலாம். பெரிய ஜாடியில் பாதி நிரம்பிய சைடரை மாதக்கணக்கில் வைப்பதைவிட, சின்ன பாட்டில்கள் இரண்டில் நிறைய ஊற்றி வைப்பது எவ்வளவோ மேல்.

ஏர்லாக்கில் தண்ணீர் வற்றாமல் பாருங்கள். முதிரும் காலத்தில் மறந்துபோவது இதுதான்.

புளித்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

முதலில், எப்போது ருசித்தீர்கள்? நொதித்து முடிந்த மறுநாள் எந்தச் சைடரும் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஈஸ்ட் வாடையும் வாயுவும் சேர்ந்து சுவையை மறைக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து ருசித்துவிட்டு முடிவெடுங்கள். ஆறு மாதத்தில் அடையாளம் தெரியாமல் மாறிய சைடர்கள் நிறைய.

அதற்குப் பிறகும் குறை தெரிந்தால், எது குறைகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். குடித்ததும் நாக்கின் ஓரங்களில் உமிழ்நீர் ஊறாமல் சப்பென்று இருந்தால் புளிப்பு போதவில்லை. முதல் வாய் நன்றாக இருந்து, விழுங்கியதும் ஒன்றுமே நிற்காவிட்டால் துவர்ப்பு போதவில்லை. இரண்டும் வேறு வேறு குறைகள். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் நிலைமை மோசமாகும்.

புளிப்புக்கு மாலிக் அமிலம் சரியானது, ஆப்பிளின் சொந்த அமிலமே அதுதான். ஆனால் நேராக ஜாடியில் போடாதீர்கள். 10 கிராம் மாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லியாக்குங்கள். நான்கு கிளாஸில் 100 மில்லி சைடர் வீதம் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் 1, 2, 3 மில்லி கரைசல் விடுங்கள். ஒரு மில்லி என்பது லிட்டருக்கு 1 கிராம் அமிலத்துக்குச் சமம். வரிசையாக ருசித்தால் எங்கே சைடர் விழித்துக்கொள்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அமையும். தேர்ந்தெடுத்த அளவில் முக்கால் பங்கை மட்டும் முதலில் ஜாடியில் சேருங்கள். மறுநாள் ருசித்து, வேண்டுமானால் மீதி. சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

துவர்ப்புக்கு ஒயின் டானின் பொடி கிடைக்கும். 5 லிட்டருக்குக் கால் டீஸ்பூனில் தொடங்குங்கள். அது இல்லாவிட்டால் பால் சேர்க்காத கடும் தேநீர் ஒரு கப். டானின் சேர்த்த அன்றைக்கு முரடாகத் தெரியும், சில வாரத்தில் இளகும். ஓக் மரச் சில்லுகளும் துவர்ப்பு தரும், கூடவே வனிலா மணமும் வரும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ருசித்து, போதுமென்று தோன்றியதும் உடனே எடுத்துவிடவேண்டும். மரவாடை ஆப்பிளை மூடிவிட்டால் அந்தச் சைடரால் யாருக்கும் பிரயோசனமில்லை.

எல்லாவற்றையும்விட நல்ல வழி இரண்டு ஜாடிகளைக் கலப்பது. ஒன்று சப்பை, இன்னொன்று பல்கூசும் புளிப்பு என்றால் அவை ஒன்றுக்கொன்று மருந்து. அதனாலேயே சாறு கிடைக்கும் பருவத்தில் மிகப் புளித்த ஆப்பிளில் சின்ன ஜாடி ஒன்று தனியாகச் செய்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

புளிப்பு அதிகமாகிவிட்டால்?

காலமே ஓரளவு குறைக்கும். ஈனோகாக்கஸ் ஈனி என்ற பாக்டீரியா கூரிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும், கூடவே கொஞ்சம் வாயுவும் வரும். குளிர்காலம் முடிந்து வெப்பம் ஏறும்போது ஜாடியில் மறுபடி சின்னக் குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். சல்பைட் போட்டால் இது நடக்காது. ஆகவே புளிப்பு மிகுந்த சைடரில், மாற்றும்போது சல்பைட் போடாமல் விடலாம். ஏற்கெனவே புளிப்பு குறைந்ததில் மறக்காமல் போடுங்கள்.

தெளியவே மாட்டேன் என்கிறது.

ஈஸ்ட் கலங்கலென்றால் குளிரில் இரண்டு வாரம் வைத்தாலே இறங்கும். பெக்டின் கலங்கல் எத்தனை மாதமானாலும் இறங்காது. கண்டுபிடிக்க, சிறிய கிண்ணத்தில் ஒரு பங்கு சைடரில் மூன்று பங்கு வீரியமான ஸ்பிரிட்டைக் கலந்து பாருங்கள். நூல்நூலாகவோ கட்டியாகவோ திரிந்தால் பெக்டின். கலந்ததைக் கீழே கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது. பெக்டினை உடைக்கும் நொதிப்பொடியைச் சாற்றிலேயே, ஈஸ்டுக்கு முன்னால் போடுவதுதான் சிறந்தது. பின்னால் போட்டால் மெதுவாக வேலை செய்யும். சாற்றைக் கொதிக்கவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், பெக்டின் கலங்கலுக்கு அதுவே காரணமாகும். இவ்வளவும் அழகுக்குத்தான். கலங்கலான சைடர் கெட்ட சைடர் அல்ல.

இனிப்பாக வேண்டும் என்றால்?

இருப்பதில் எளிது: வறட்சியாகவே பாட்டிலில் அடைத்துவிட்டு, குடிக்கும்போது கிளாஸில் கொஞ்சம் ஆப்பிள் சாறு சேர்ப்பது. ஆபத்தும் இல்லை, ஆளுக்கேற்ற இனிப்பும் கிடைக்கும்.

பாட்டிலிலேயே இனிப்பு வேண்டுமென்றால் ஈஸ்ட் தின்னாத எரித்ரிடாலையோ சுக்ரலோஸையோ சேர்க்கலாம். வாயுவே இல்லாத சைடருக்கு வேறு வழியும் உண்டு. நன்றாகத் தெளிந்தபின் சல்பைட்டும், லிட்டருக்குச் சுமார் 0.2 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்த்து, பிறகு சர்க்கரை. சார்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். கலங்கலாக இருக்கும்போது போட்டால் பலனில்லை. சல்பைட் இல்லாமல் சார்பேட்டை மட்டும் போட்டால் பாக்டீரியா அதைத் தின்று, ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற வாடை வரும்.

நார்மண்டியிலும் பிரிட்டனியிலும் இயற்கையாகவே இனிப்பைத் தக்கவைக்கிறார்கள். பெக்டினைக் கால்சியத்தோடு சேர்த்துக் கட்டியாக்கி, சாற்றின் மேலே பழுப்புத் தொப்பியாக மிதக்கவிட்டு, நடுவிலுள்ள தெளிந்த சாற்றை மட்டும் எடுப்பார்கள். சத்தில் பெரும்பகுதி தொப்பியோடு போய்விடுவதால் ஈஸ்ட் நத்தைவேகத்தில் ஓடி, சர்க்கரை மிச்சமிருக்கும்போதே ஓய்ந்துவிடும். அதற்கு உரமிடாத பழைய மரங்களின் பழமும் குளிரும் பொறுமையும் வேண்டும். கடைச் சாற்றில் நடக்காது.

நுரைக்கும் சைடர் எப்படி? பாட்டில் வெடிக்குமா?

கணக்கு தப்பினால் வெடிக்கும். கண்ணாடித் துண்டு முகத்தில் பாயும் சமாசாரம் இது.

லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்தால், சைடரின் கன அளவுக்குச் சமமான ஒரு மடங்கு கரியமில வாயு உண்டாகும். நொதித்து முடிந்த சைடரில் ஏற்கெனவே முக்கால் மடங்குக்கு மேல் கரைந்திருக்கும். லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சேர்த்தால் மொத்தம் இரண்டரை மடங்கு, நல்ல துள்ளலான நுரை. சாதாரண பீர் பாட்டில் 3 மடங்கு வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பெயின் பாட்டில் அதைப்போல் இரட்டிப்புத் தாங்கும்.

இப்போது அவசரப்படுபவரின் கணக்கைப் பாருங்கள். அடர்த்தி 1.010-இல் இருக்கும்போதே ‘இனிப்பாக இருக்கிறதே’ என்று அடைத்துவிட்டால், மிச்சமுள்ளது லிட்டருக்குச் சுமார் 26 கிராம் சர்க்கரை. அதாவது ஆறு மடங்குக்கும் மேல் வாயு. எந்த பீர் பாட்டிலும் அதைத் தாங்காது. சும்மா அழகுக்கு விற்கும் சதுரப் பாட்டில்களையும் ஜாம் பாட்டில்களையும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

சரி, செய்முறை. அடர்த்தி நிலைத்துவிட்டதை உறுதிசெய்யுங்கள். 5 லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் சர்க்கரையை எடைபோட்டு (கரண்டிக் கணக்கு வேண்டாம்), கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, காலி ஜாடியில் ஊற்றி, அதன்மேல் சைடரை சைஃபன் செய்யுங்கள், தானாகக் கலக்கும். பாட்டில்களில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு அடையுங்கள். கூடவே ஒரே ஒரு சோடா பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். அதை நாள்தோறும் அமுக்கிப் பார்த்தால் உள்ளே நடப்பது கைக்கே தெரியும். முதல் நாள் நெளியும், அப்புறம் விறைக்கும், கல் மாதிரி ஆனதும் எல்லாப் பாட்டிலையும் குளிரில் வைக்கலாம். அறை வெப்பத்தில் வழக்கமாக இரண்டு வாரம். அதுவரை பாட்டில்களை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

எரித்ரிடால் சேர்த்து, அதோடு இந்தச் சர்க்கரையும் சேர்த்தால் இனிப்பும் நுரையும் ஒன்றாகக் கிடைக்கும். நுரையேறிய பாட்டிலை அடுப்பில் வெந்நீரில் வைத்து ஈஸ்டைக் கொல்லும் முறையை நான் சிபாரிசு செய்வதில்லை. சூட்டில் உள் அழுத்தம் பலமடங்காகும், அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்பீர்கள்.

மேலே வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது.

காற்று கிடைத்த படல ஈஸ்ட். சீக்கிரம் கவனித்தால் காப்பாற்றலாம். ஏடு உடையாமல் அடியிலிருந்து சைஃபன் செய்து, சல்பைட் போட்டு, கழுத்துவரை நிரப்புங்கள். நெயில்பாலிஷ் வாடையோ வினிகர் வாடையோ அழுத்தமாக வந்துவிட்டால் திரும்பாது. அதை வினிகராகவே முழுமையாக்கிக்கொள்ளலாம், ஆனால் மற்ற ஜாடிகளுக்குத் தூரத்தில்.

எண்ணெய் போல வழவழப்பாக ஊற்றுகிறதே?

லாக்டிக் பாக்டீரியா செய்யும் வேலை. உடம்புக்குக் கெடுதலில்லை. 100 பிபிஎம் சல்பைட் போட்டு நன்றாகக் கலக்கி, படிந்ததும் மாற்றுங்கள். சுவை பெரும்பாலும் தப்பிவிடும்.

விழுங்கியபின் ஒரு வினோதமான எலி வாடை வருகிறது.

முகர்ந்தால் தெரியாது, வாயில் வைத்ததும் தெரியாது, விழுங்கிச் சில நொடி கழித்துத் தொண்டையிலிருந்து எழும். சைடரின் புளிப்பில் அடங்கியிருக்கும் அந்தச் சேர்மங்கள் உமிழ்நீர் பட்டுப் புளிப்பு தணிந்ததும் ஆவியாகி மேலே வருவதால்தான் இந்தத் தாமதம். சிலருக்கு இது தெரிவதே இல்லை, ஆகவே இன்னொருவரையும் ருசிக்கச் சொல்லுங்கள். இதற்கு மருந்து கிடையாது. காற்றும் அதிக பிஎச்சும் சல்பைட் இல்லாமையும் சேரும் இடத்தில்தான் இது வரும், வருமுன் காப்பது ஒன்றே வழி.

எவ்வளவு நாள் வைத்துக் குடிக்கலாம்?

ஒழுங்காகச் செய்த 6 சதவீதச் சைடர் இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஒரு வருஷம் தாராளமாக நிற்கும். துவர்ப்பு நிறைந்தது இரண்டு வருஷம்கூட. பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள், மண்டி அடியில் இறுகும். ஊற்றும்போது ஒரே சாய்வாக, நிறுத்தாமல் ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். மிகவும் சில்லென்று குடித்தால் மணம் எழாது, 10 முதல் 12 டிகிரி நல்லது. ஸ்பெயினின் அஸ்டூரியாஸில் நுரையில்லாத சைடரைத் தலைக்கு மேலே பாட்டிலைத் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாஸின் விளிம்பில் படும்படி கொஞ்சமாக ஊற்றி உடனே குடிப்பார்கள். அப்படி அடித்து விழுவதில் வாயு கிளம்பி மணம் விரிகிறது. அடைத்த பாட்டில்களில் இரண்டையாவது ஆறு மாதத்துக்குத் தொடாமல், அடர்த்தியும் ஆப்பிள் கலவையும் ஈஸ்டும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டி ஒதுக்கி வையுங்கள். அடுத்த பருவத்தில் எந்த ஆப்பிளைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அந்த இரண்டும் சொல்லும்.